வெந்நீர்த் தொட்டியை விட்டு எழுந்தவர்

"உலகமே பத்தி எரியட்டும். விரல் சுருங்குற வரைக்கும் நான் இந்தத் தொட்டிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன். என்னை எழுப்புற கஷ்டம் இன்னும் பொறக்கலடா!"

ஹால்முண்டுர் இப்படி அறிவித்தது எங்கள் ஊர்ப் பொது நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில். சாட்சிகளாக நாங்கள் ஐந்து தலைகள் இருந்தோம். மற்றதெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது.

வடக்கு ஐஸ்லாந்தின் பனிப்புயல்களுக்குள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வானொலியில் செய்தி தொடங்கினால் அணைத்துவிடுவார். ஏதாவது நியாயத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நல்ல காபி கொடுத்து, பேனாவை ஒளித்து வைத்துவிடுவார். பக்கத்து நாட்டில் பஞ்சம் என்றால் "அப்படியா" என்பார். பக்கத்து வீட்டில் தீ என்றாலும் அதே "அப்படியா"தான். இவ்வளவு பாரபட்சமில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை.

மற்ற நாங்கள் அப்படியல்ல. நாங்கள் கவலைப்பட்டோம், வாய்விட்டு. குறிப்பாக மருந்துக்கடை தோர்லாகுர். காகிதக் கோப்பையில் காபி ஆறுவதற்குள் ஒரு போரை நிறுத்தி, பசியை ஒழித்து, உலகத்தின் கடல்மட்டத்தையும் ஓரடி இறக்கிவிடுவார். அவரால் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்றே ஒன்று: ஹால்முண்டுர் உட்கார்ந்திருக்கும் மூலை. அங்கேதான் சுவரிலிருந்து வெந்நீர் பீச்சியடித்து முதுகைப் பிசைந்து கொடுக்கும். எழுந்தவருக்கு இடம் கிடையாது என்பது தொட்டியின் சட்டம். அவர் எழுவதற்காகத் தோர்லாகுர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

குளத்தில் உடைமாற்றும் அறைகளைத் துடைத்துச் சுத்தம் செய்தவர் நவால். சிரியாவிலிருந்து வந்தவர். சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்துக்குள் நழுவப் பார்க்கிற சுற்றுலாப் பயணிகளை விரட்டிப் பிடிப்பதில் எங்களையே மிஞ்சியவர். ஆனால் தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமானால், குளத்தில் வேலை பார்க்கும் எல்லோரையும் போல அவரும் நீந்திக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். அவர் ஐரோப்பாவுக்கு வந்த ரப்பர் படகு வழியில் கவிழ்ந்திருந்தது. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் அவர் கால் போகவில்லை.

அன்று காலை ஆலங்கட்டி தூவிக்கொண்டிருந்தது. "அகதிகள் விஷயத்துல ஐரோப்பா என்ன பண்ணணும்னா..." என்று தோர்லாகுர் ஆரம்பித்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் நவால் நின்றார். கரையில் நீச்சல் சொல்லித்தரும் ஸ்டெய்னுன்.

"என்னாச்சு நவால்? நேத்து நல்லா மிதந்தீங்களே?"

"இந்தப் பக்கம் சுவர் இருக்கு. அந்தப் பக்கம் கடலாட்டம் வெறிச்சுனு கிடக்கு. அங்க யாராவது சும்மா நின்னாக்கூடப் போதும்."

"நான் கரையில நின்னுல்ல சொல்லித்தரணும்? வேற ஆள் இல்லையேம்மா. வெள்ளிக்கிழமை தேர்வு வேற."

"அப்ப இந்த வேலை எனக்கில்லைன்னு வெச்சுக்குவோம்." நவால் படியேறத் தொடங்கினார்.

"பாத்தீங்களா? யாராவது ஏதாவது செய்யணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கறது இதுக்குத்தான்!" என்றார் தோர்லாகுர். நாங்கள் உருக்கமாகத் தலையாட்டினோம்.

அப்போது தொட்டியில் தண்ணீர் மட்டம் சடாரென்று இறங்கியது. ஹால்முண்டுர் எழுந்துவிட்டார். பெரிய உடம்பு.

"எங்கடா போற?" என்றார் தோர்லாகுர்.

"விரல் சுருங்கிடுச்சு," என்றார். கை இரண்டையும் முட்டியாக மூடியிருந்தார். அவர் வந்து உட்கார்ந்த ஈரமே இன்னும் படியில் காயவில்லை. தோர்லாகுர் அதையெல்லாம் ஆராயவில்லை. தண்ணீர் அடங்குமுன் மூலைக்கு வழுக்கிப் போயிருந்தார்.

ஹால்முண்டுர் குளத்தின் நடுவே மார்பளவுத் தண்ணீரில் போய் நின்றார். "சும்மா நிக்கத்தானே ஆள் வேணும்? சும்மா இருக்குறதுல இந்த ஊர்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"நகரக் கூடாது," என்றார் நவால்.

"நான் நகர்ந்து நீங்க எப்பம்மா பாத்திருக்கீங்க?"

வழுக்கைத் தலையில் ஆலங்கட்டி துள்ள, பேருந்து நிறுத்தக் கம்பம் மாதிரி நின்றார். நவால் அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு கை போட்டார், இன்னொரு கை போட்டார். மறுநாளும் கம்பம் வந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நாளுக்கு நாள் கம்பத்தை ஆழத்துக்கு நகர்த்தினார் நவால்.

வெள்ளிக்கிழமை தேர்வு. பழக்க தோஷத்தில் ஹால்முண்டுர் பாதி வழியில் நின்றிருந்தார். நவால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். "தள்ளுங்க, ஹால்முண்டுர்! வழியில நிக்கிறீங்க!" என்று கத்தியதில் ஒரு வாய் தண்ணீரும் உள்ளே போனது. பனிப்புயலில் லாரிக்குக்கூட வழிவிடாத மனிதர் அலறியடித்து ஒதுங்கினார். நவால் எதிர்ச்சுவரைத் தொட்டு, திரும்பி, சிரித்தார்.

தொட்டியில் ஒரே ஆரவாரம். தோர்லாகுர் தன்னை மறந்து எழுந்து நின்று கைதட்டினார். சட்டம் சட்டம்தான். அவர் திரும்பி உட்காரப் பார்த்தபோது மூலையில் ஹால்முண்டுர் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தார்.

திங்கட்கிழமை கழுத்தில் விசிலோடு நவால் வேலைக்கு வந்தார். கூடவே அவருடைய நாத்தனார். அந்தப் பெண் முதல் படியில் கால் வைத்து, வெறிச்சோடிய அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த ஹால்முண்டுர், ஒரு வாய்கூடக் குடிக்காத காபியைத் தோர்லாகுரிடம் நீட்டிவிட்டு எழுந்தார்.

"என்னடா, அதுக்குள்ள விரல் சுருங்கிடுச்சா?"

அவர் குளத்தின் நடுவை நோக்கி நடந்தார். கோப்பையை நீட்டியபோது அவர் விரல்கள் வழவழவென்றுதான் இருந்தன.