இடது கால் கட்டைவிரல்

காலையில் பல் துலக்குவதற்கும் முன்னால் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் துண்டை எடுத்து நான்காக மடித்துக் கணவரின் கண்கள்மேல் போடுவாள். மூக்கை மூடாதபடி ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்வாள். பிறகு கால்மாட்டுக்கு வந்து போர்வையை விலக்குவாள். நூல்கண்டில் செருகியிருக்கும் ஊசியை உருவித் தன் தலைமுடியில் இரண்டு தேய்ப்பு. தைக்கிறவர்களின் கைப்பழக்கம் அது. ஊசி வழுக்கிக்கொண்டு போகும். இடது கால் கட்டைவிரலின் சதையில் ஊசிமுனையை வைப்பாள். உடனே குத்த மாட்டாள். சில நாள் மனசுக்குள் ஐந்து எண்ணுவாள், சில நாள் இருபது. அவர் குத்துமதிப்பாகச் சொல்லிவிடக் கூடாது. தானும் ஏமாந்துவிடக் கூடாது. எண்ணி முடித்ததும் மெல்ல அழுத்துவாள்.

"இப்ப" என்பார் அவர், துண்டுக்கு அடியிலிருந்து.

அவள் ஊசியைத் திரும்பச் செருகிவிட்டு, நின்ற இடத்திலேயே, "ரொம்ப நன்றி. நான் காத்திருக்கேன்" என்பாள். அது அவருக்குச் சொன்னது அல்ல. கையைக் கூப்பி, மேலே பார்த்துச் சொன்னதும் அல்ல. பக்கத்து அறையில் வேலையாக இருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோலக் கொஞ்சம் தணிந்த குரலில், கடவுளிடம். அதன் பிறகுதான் பல் துலக்கப் போவாள்.

அவர் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிப்பவர். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் தெருப்பக்கச் சுவரில் பாதி அடித்து முடித்திருந்தபோது சாரம் சரிந்தது. மூன்றாம் மாடி உயரத்திலிருந்து மணல் குவியலின்மேல் விழுந்தார். மணலாக இருந்ததால் உயிர் தங்கியது. குவியலின் ஓரமாக இருந்ததால் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே எல்லாம் அவருடையதே, ஆனால் அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரித்துச் சொல்லவில்லை. "திரும்பணும்னா முதல்ல தொடு உணர்ச்சி திரும்பும். அசைவு அப்புறம்தான். ஒரு வருஷத்துக்குள்ள வந்தா உண்டு. வீட்ல தினம் ஊசியால தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். ஊசியைப் பிடித்தே பிழைக்கிறவளிடம் அதைச் சொன்னதுதான் வினை. கடவுள் தன் மொழியில் தன்னோடு பேச முடிவுசெய்துவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய வேலை காஜா. கோட்டிலும் சீருடையிலும் பொத்தான் நுழையும் துளையைக் கையால் ஓரம்கட்டித் தைப்பது. மிஷின் காஜா கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஒரு வருஷத்தில் பிரிந்துவிடும். கைக்காஜாவுக்குக் கால் மணி நேரம். துணி கிழிந்தாலும் துளை கிழியாது. தையற்கூடத்தில் அவரவர் தைக்கிற பகுதியின் பேரால்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவள் காலர்காரி. இவள் காஜாக்கா. இருபது வருஷமாக ஒரே ஜன்னலுக்குக் கீழே ஒரே முக்காலி.

காலர்காரிக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள், "காஜாக்கா, ஊசி உள்ள போறப்ப உங்களுக்கு ஏன் மூச்சு நின்னுடுது? மூக்கால ஒரு இழு, அப்படியே ஒரு பிடி, அப்புறம் புஸ்ஸுன்னு விடறது. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

"போடி. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்க குறட்டை உங்களுக்கு எப்படிக் கேக்கும்? நான் கண்ணை மூடிக்கிட்டே நீங்க எத்தனை தையல் போட்டீங்கன்னு சொல்லிடுவேன்."

கூடமே சிரித்தது. காஜாக்காவும் சிரித்துவிட்டு நூலைக் கடித்தாள். கை நடுங்காமலிருக்க மூச்சைப் பிடிப்பது தொழிலோடு வந்தது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

முதல் பத்து மாதமும் ஊசிக்குப் பதில் "இல்ல" என்றுதான் வந்தது. சில நாள் குத்தி எடுத்த பிறகும் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "குத்திட்டியா?" என்று கேட்பார். அவள் "ஆச்சு" என்பாள். அவரைப் புரட்டி, துடைத்து, சோறு ஊட்டி, வேலைக்கு ஓடி, மதியம் ஓடிவந்து மறுபடி புரட்டிவிட்டுப் போவாள். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் இரவலாக ஒரு தண்ணீர் மெத்தை தந்திருந்தார்கள். மெத்தையின் சலசலப்பைக் கேட்டபடியே அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினோராம் மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று காலை துண்டைப் போட்டுவிட்டு, ஊசியை எடுக்காமல், அவள் கால்மாட்டில் வெறுமனே நின்றாள். "பதினோரு மாசம் முடியப் போவுது, டாக்டர் சொன்ன வருஷத்துக்கு இன்னும் ஒண்ணுதான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அவசரப்படுத்தலை. கேட்டேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு ஊசியை வைத்து, எண்ணி, அழுத்தினாள்.

"இப்ப" என்றார் அவர்.

அவள் நம்பவில்லை. பதினேழு எண்ணிக் குத்தினாள். "இப்ப." நாற்பது எண்ணினாள். "இப்ப." ஊசியை வைத்துவிட்டுக் குத்தாமல் நின்றாள். அவர் எதுவும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவர்தான் வேண்டாம் என்றார். "நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கிட்டு மாடியிறங்கணும். கால் கொஞ்சம் அசையட்டும். நானே நடந்து போயி அந்த டாக்டர் முன்னாடி நிக்கறேன்." அந்த வீறாப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. பழைய மனுஷன் திரும்பிவிட்டார் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய காத்திருப்புக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. தையற்கூடத்தில் யாராவது பாவம் என்பதுபோலப் பார்த்தால், "பாதி வந்தாச்சு. மீதியைத் தராமலா போயிடுவார்?" என்பாள். ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. தினமும் "இப்ப" வந்தது. கால் மட்டும் அப்படியே கிடந்தது.

மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். சக்கர நாற்காலிக்கு எப்போதோ எழுதிவைத்திருந்த பட்டியலில் அவருடைய முறை வந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தைப் படித்துக்காட்டியபோது அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "தாழ்வாரக் கடைசி வரைக்கும் போகலாமே" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் வீடு முதல் மாடியில், உள்கட்டில் இருந்தது. கட்டில் அறைக்கு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு சுவர். தாழ்வாரத்தின் கடைசிக்குப் போனால்தான் தெருவும், தெருக்கோடியில் அவர் பாதி அடித்த ஆறு மாடியும் தெரியும். மீதியை வேறொரு கோஷ்டி அடித்து முடித்திருந்தது. அவரோடு சாரத்தில் நின்ற கூட்டாளி ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம், "உன் பாதி ஒரு கலரு, அவனுங்க பாதி ஒரு கலரு. பேன்ட்டுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி நிக்குதுடா" என்று ஏற்றிவிட்டுப் போவார். அந்த ஒட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பெரிய தினவாக இருந்தது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கூட்டாளி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கட்டில் வாசலில் நுழையாது.

காஜாக்கா மூன்று நாள் தடுமாறினாள். நாற்காலியில் அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல மனசுக்குள் ஓர் எண்ணம் வந்தது, நன்றாகவும் இருந்தது. நாற்காலி வந்துவிட்டால் காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது என்று உடனே பயமும் வந்தது.

நாத்தனார் வந்து சண்டையே போட்டாள். அவருடைய தங்கை, பேச்சில் தாட்சண்யம் பார்க்காதவள். "அண்ணி, சும்மா குடுக்கறதை வாங்கிப் போடுங்க. அண்ணன் மூணு வருஷமா சுவத்தையே பாத்துக்கிட்டு கெடக்குது."

"வாங்கிப் போட்டா என்ன அர்த்தம்? நீ குடுக்க வேணாம், நாங்க பாத்துக்கறோம்னு கடவுள்கிட்ட சொல்ற மாதிரி இல்லையா?"

"கடவுள் என்ன, பக்கத்து வீட்டுக்காரரா, கோவிச்சுக்கறதுக்கு? நடக்க வந்தப்புறம் நாற்காலியைத் திருப்பிக் குடுத்தா ஆச்சு. அண்ணனையே கேளுங்க."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அவ இஷ்டம்" என்றார்.

அந்த வாரம் அவளுக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்தது. மூக்கு இரண்டும் அடைத்து, வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வேலை பார்த்தாள். மறுநாள் காலை துண்டைப் போட்டாள், ஊசியைத் தேய்த்தாள், எண்ணினாள், குத்தினாள்.

பதில் இல்லை.

மறுபடி குத்தினாள். வெகுநேரம் கழித்து, "குத்திட்டியா?" என்றார்.

அடுத்த நாளும் "இல்ல". அதற்கடுத்த நாளும். ஐந்து நாள். ஏன் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று நாளின் தடுமாற்றத்தை ஒருவர் பார்த்துவிட்டார். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆறாம் நாள் அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "எழுந்து நடக்கப்போகிறார், நாற்காலி தேவையில்லை" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கடைப்பெல்லாம் கரைந்து போகிற மாதிரி அழுதாள்.

மறுநாள் காலை ஊசி இறங்கியது.

கொஞ்சம் தாமதித்து, "இப்ப" என்றார்.

அதன் பிறகு அவள் தடுமாறவே இல்லை. இன்னும் ஒரு வருஷமும் நான்கு மாதமும். நாற்காலிப் பேச்சை எடுத்ததற்காக நாத்தனாரோடு பேச்சையே குறைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. படுத்தே கிடந்த உடம்பு அதை வெளியே தள்ளவில்லை. கடைசி நாள் காலையிலும் துண்டைப் போட்டு, ஊசியைத் தேய்த்தாள். அவருக்குக் காய்ச்சலில் நினைவே இல்லை. குத்தவில்லை. அப்படியே நூல்கண்டில் செருகிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டாளி வந்தார். கட்டில் இருந்த இடத்தைப் பார்க்காமல் வாசலோரமே உட்கார்ந்தார். அவள் அழவில்லை. அதைவிட மோசமாக, கணக்கு வாத்தியார்போல நிதானமாகப் பேசினாள்.

"கடவுள் பாதி குடுத்தார். மீதியும் வந்திருக்கும் அண்ணே. நான்தான் நடுவுல அந்த மூணு நாள் மனசு மாறிட்டேன். அஞ்சு நாள் 'இல்ல'ன்னு காமிச்சுக் கண்டிச்சார். அதோட நின்னுபோச்சு. எம்மேலதான் தப்பு."

கூட்டாளி தன் கையில் காய்ந்திருந்த வெள்ளைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். உரிந்தது தரையில் விழுந்தது.

"தங்கச்சி, நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீ இப்படி உன்னையே குத்திக்கிட்டு இருந்தா சொல்லாம எப்படி இருக்கறது? அவனுக்குக் கால்ல ஒண்ணும் தெரியல. முதல் நாள்லேருந்து கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியல."

"தினம் சொன்னாரே."

"நீ ஊசி இறக்கறப்ப மூச்சைப் பிடிப்பியாம். அதைக் கேட்டுச் சொன்னான். உனக்கு மூக்கடைச்ச அஞ்சு நாளும் மூச்சு பிடிபடலையாம். சரி, இதோட விட்டுருவா, நாற்காலி வந்துரும்னு நெனச்சிருக்கான். நீ எழுதிக் குடுத்துட்டு வந்து அழுதியாமே. மறுநாள் மூச்சு கேட்டுச்சாம். சொல்லாம இருக்க முடியலடான்னான்."

கூட்டாளியே தொடர்ந்தார். "ஏண்டா அப்படிப் பண்ணினேன்னு திட்டினேன். 'அவ கேட்டுக்கிட்டே இருந்தா. யாருமே பதில் சொல்லல. நான் சொல்லிட்டேன்'னான்."

மறுநாள் தையற்கூடத்தில் அவள் முக்காலியில் உட்கார்ந்து துணியை எடுத்தாள். ஊசி உள்ளே போனது. முதல்முறையாக அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது: மூக்கால் ஓர் இழுப்பு, ஒரு பிடி, பிறகு விடுதல். வாயால் மூச்சு விட்டுப் பார்த்தாள். கை நடுங்கிக் காஜா கோணியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

மற்றது அதற்கும் பிறகு தெரிந்தது. தண்ணீர் மெத்தையைத் துடைத்துச் சுருட்டி ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கப் போனாள். இரவல் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பதிவேட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்ததும் நிமிர்ந்தாள்.

"இவருக்கா? இவருக்கு நாற்காலி கெடைக்குமான்னு கையெல்லாம் பெயிண்டா ஒரு ஆள் மூணு தடவை வந்து கேட்டாரே. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிய வேணாம்னு பேஷன்ட்டு சொல்லிவிட்டாராம். உங்க கையெழுத்து இருக்கே, அதை ரத்துபண்ணாம எப்படிக் குடுக்கறதுன்னு திருப்பி அனுப்பிட்டோம்."

கடைசியாக அந்த ஆள் வந்த தேதியையும் அந்த அம்மாள் படித்துச் சொன்னாள். அது காய்ச்சல் தொடங்குவதற்கு ஐந்து நாள் முந்தைய தேதி. அன்று காலையும் ஊசிக்கு "இப்ப" என்றுதான் பதில் வந்திருந்தது.