கதவில் நசுங்கிய விரல்

ஒரகடம் கிளினிக்கில் கட்டுப் போடும் அந்த நரைமீசைக்காரர், என் நடுவிரலில் தொங்கிய நகத்தை எடுக்கும்போது, குழந்தையின் காயத்துக்கு ஊதுவதுபோல ஊதிக்கொண்டே இருந்தார்.

"எப்டிபா ஆச்சி?"

பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல் அது. ஆனால் கம்பெனி வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. அது மறுபடி பூஜ்யத்துக்குப் போகக்கூடாது. கூட்டிவந்த சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். வழியில் அவர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்.

"ரூம் கதவுல மாட்டிக்கிச்சுண்ணே."

ஊதுவதை நிறுத்தி, என் சட்டையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கதவுங்கல்லாம் சரியில்லபா. இந்த வாரத்துல நீ நாலாவது ஆளு."

சூப்பர்வைசர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். நரைமீசைக்காரர்தான் என்ன செய்வார்? நோட்டில் 'கதவு' என்று எழுதினார். பிறகு மறுபடி என் விரலைப் பிடித்து ஊத ஆரம்பித்தார்.