பாட்டிலில் கொண்டுபோன பழி

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில் செங்கல்பட்டில் குடியிருந்தபோது, ஃபைட்டர் மீன் வளர்ப்பதில் எனக்கு ஒரே பைத்தியம். என் நீல ஆண் மீனுக்கு ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்க ஆசைப்பட்டேன். உடன் வேலை பார்த்த சீனு, "நம்ம வூட்டுல பொட்ட கீதுபா, வச்சிக்கோ" என்று ஒரு மீனைப் பாட்டிலில் கொடுத்தான். அதைத் தொட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், செட்டையெல்லாம் கிழிந்து என் நீல மீன் செத்து மிதந்தது. சீனு கொடுத்தது பெண்ணே அல்ல, இளம் ஆண். இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விட்டால் சாகும்வரை சண்டை போடும்.

மறுநாள் அவன், "இன்னாபா, பொட்டகிட்ட உதை வாங்கியா செத்துச்சு?" என்று ஆபீஸே சிரிக்கும்படி கேட்டான். எனக்கு உள்ளே கொதித்தது.

அடுத்த மாதம், தன் வீட்டு மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காப்பதாகப் பீற்றிக்கொண்டான். பார்க்கிற சாக்கில், என் மீனைக் கொன்ற அதே மீனைப் பாட்டிலில் போட்டு, பையில் மறைத்து அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவன் சட்டை மாற்ற உள்ளே போனதும் தொட்டியில் கவிழ்த்தேன். இரண்டும் கடித்துக் குதறியதில் கூடு சிதறி, முட்டைகள் அடியில் கொட்டின. என் மனசு குளிர்ந்தது.

காபியோடு வந்த அவன் மனைவி, தொட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ அண்ணா, இது என் மீனு! தெனம் புழு புடிச்சிப் போட்டு நான்தான் வளத்துகினு கீறேன். அவருக்கு ஆணு எது, பொண்ணு எதுன்னுகூடத் தெரியாது!"

நான்தான் விட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் எழுந்து, இரண்டு மீன்களையும் வலையால் பிரித்தார்.

இப்போதெல்லாம் வயிற்றடியில் பெண்ணுக்கு அடையாளமான வெள்ளைப் புள்ளியைப் பார்த்த பிறகே பெண் மீனைத் தொட்டியில் விடுகிறேன். சீனுவின் சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் யார்மீது ஆத்திரம் வந்தாலும், நான் கைவைக்கப் போவது யாருடைய பொருள் என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.