ஒற்றை மைனா

ஓசூரில் கூலிக்குத் தோட்டம் கொத்திக்கொண்டிருந்தேன். மண்வெட்டிக்குப் பின்னால் ஒரு மைனா வந்து புழு பொறுக்கியது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில், மாசி பிறந்ததும் வெண்டை போட அப்பா கொல்லையைக் கொத்துவார். சுவர்ப் பொந்திலிருந்து மைனா ஜோடி இறங்கி அவர் காலடியிலேயே நடக்கும். “மேஸ்திரிங்க வந்துட்டாங்க” என்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். பங்குனியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. அம்மா கொல்லையில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

“நாமதான் போறோமே, யாரும்மா வெதைக்கப்போறாங்க?”

“வெதைக்க இல்லடா. இந்த மைனாவோட ஜோடிய பூன புடிச்சிருச்சு. பொந்துல குஞ்சுங்க கத்திகினு இருக்கு. ஒண்டியா எத்தினி வாய்க்குத் தேடும்?”

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.