உள்ளே போன மூன்று துணிகள்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிப் பெண்மணியின் பெயர் எனக்குத் தெரியாது. சட்டைக் கழுத்தைச் சுற்றித் துணிக் கிளிப்புகள் செருகியிருக்கும். காயப்போடும் துணிகளை வாய்விட்டு எண்ணுவார்.

அன்று கீழே என் முப்பது வயதுக் காருக்கு நானே டியூன்-அப் செய்து சரிபார்த்தேன். ஓடாவிட்டால் மதியமே பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதென்று மனைவி முடிவுசெய்திருந்தாள். பழுதுபார்க்கும் கையேட்டுப் புத்தகத்தின் எல்லாப் படிகளையும் வரிசை மாறாமல் முடித்தேன். இன்ஜின் இருமியதோடு சரி.

மேலிருந்து குரல் வந்தது. "அண்ணே! மூணு துணி உள்ள போச்சு, ரெண்டுதான் வெளிய வந்துச்சு லா!"

தூசி விழாமலிருக்க, காற்றிழுக்கும் கார்புரேட்டர் வாயில் நான் அடைத்த துணி! அடைக்கச் சொன்ன புத்தகம் எடுக்கச் சொல்லவில்லை. உருவினேன், கார் உறுமியது. மேலே கைதட்டல்.

"இரும்புக்காரன வரவேணாம்னு சொல்லுங்கண்ணே!"

அது அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் இன்னும் எதையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறாரோ!