ஊதாத் துணிக்குள் ஒரு கிதார்

தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் அண்ணனுடைய கிதார்களுக்கும் தவக்காலம்தான். விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்த கையோடு அம்மா ஊதாத் துணிகளை எடுத்துக் கொடுப்பாள். அண்ணன் ஒவ்வொரு கிதாராகத் தந்தியைத் தளர்த்தி, துணியைச் சுற்றி, நாடாவால் கட்டிச் சுவரோரம் நிறுத்துவான். கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களைத் துணியால் மூடுவார்களே, அதுபோல. நாற்பது நாள் நோன்பு முடிந்து ஈஸ்டர் காலையில்தான் அவிழ்ப்பது.

பக்கத்து வீட்டு பாய் அண்ணனோடு ஹார்பரில் வேலை செய்தவர். எட்டிப் பார்த்துச் சிரிப்பார். “இன்னா தோஸ்து, கித்தாருக்கெல்லாம் கோஷா போட்டுட்டியா? எங்க வூட்டு பொம்பளைங்களே தேவல போலகீதே!”

இது அம்மாவின் நேர்ச்சை. அண்ணன் சின்ன வயதில் டைபாய்டில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தவக்காலம் முழுக்க இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் இருக்காது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்தான். எழுந்தவனுக்குக் கிதார் பைத்தியம் பிடித்தது.

ராயபுரத்துச் சந்தில் எங்களுக்கு ஒன்றரை அறை. அதில் ஐந்து கிதார். கப்பல்காரர்களிடம் சிநேகம் பிடித்து வாங்கியவை, சீமைக்குக் குடிபோன ரயில் டிரைவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மூன்று, மார்பில் அணைத்து வாசிக்கிற மரக் கிதார். இரண்டு, மடியில் படுக்கப் போட்டு, தந்திமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது. அந்த இரண்டில் ஒன்று கரண்டில் பாடுகிற கிதார். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போனது.

எங்கள் வீட்டில் கரண்ட் ஏது? அண்ணன் அதன் முனையை அம்மாவின் அரிசிப் பெட்டியில் அழுத்திக்கொண்டு வாசிப்பான். பெட்டியே பாடும். உள்ளே அரிசி குறையக் குறையச் சத்தம் கூடும்.

“மாசக் கடசியாச்சுன்னா இவனுக்குக் கொண்டாட்டம்டி” என்பாள் அம்மா. “அரிசி இல்லன்னு நான் அழுவுறேன். பொட்டி காலின்னு இவன் வாசிக்கிறான்.”

அதன் முழுக் குரலை அண்ணன் கேட்டதே இல்லை. சினிமா வாத்தியக் கோஷ்டியில் சேர வேண்டும், அங்கே கரண்டில் வைத்து அதை வாசிக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது. டோல்கேட் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவன் வாசிப்பைக் கேட்டவர் ஒருவர் கோடம்பாக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

கூப்பிட ஆள் வந்தது தவக்காலத்தின் நடுவில். சந்து முனையில் கார் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் நின்று பேசினார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

“நாளைக்குக் காலையில ரிக்கார்டிங் தம்பி. வாசிக்கிறவர் படுத்துட்டார். கிதாரை எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க. நல்லா அமைஞ்சா உங்களையே வெச்சுக்குவோம்.”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். “இன்னாம்மா சொல்ற?”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. “நான் இன்னாத்த சொல்றது? நேந்துகினது நானு. வாசிக்கிறவன் நீ.”

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாய்க்குப் பொறுக்கவில்லை. “ஒங்கம்மா நேந்துகினது இந்த வூட்டுக்குத்தான? கோடம்பாக்கத்துக்குமா? துணியோட தூக்கிகினு போ மாமு!”

அண்ணன் அந்தக் கரண்டுக் கிதாரின் நாடாமேல் கைவைத்தபடி நின்றான். முறத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், “ஈஸ்டர் கழிச்சு வரேன் சார்” என்றான்.

“படம் ஈஸ்டருக்குக் காத்திருக்குமா தம்பி?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஈஸ்டர் கழிந்து போனான். கோஷ்டியில் கிதார்காரரின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் ஈஸ்டர் காலையில் நான்கு கிதார்களைத்தான் அவிழ்த்தான்.

“அத்த ஏன்டா வுட்டுட்ட?” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா.”

அரிசிப் பெட்டி அதன் பிறகு பாடவில்லை.

பல வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த அம்மா என்னிடம் மட்டும் சொன்னாள்: “அவன் போயிடுவான்னுதான்டி நெனச்சேன். போயிருந்தா ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன். நேந்துகின வாயால எப்டி போன்னு சொல்றது? அதான் முறத்தப் பாத்துகினு இருந்தேன்.”

அவளை அடக்கம் செய்து வந்த பிறகு அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

“அம்மா போன்னு சொல்லும்னு நான் நின்னுகினு இருந்தேன்” என்றான்.

இப்போது அண்ணனும் இல்லை. மற்ற நான்கும் அவன் பிள்ளைகளிடம் போயின. இது என்னிடம் இருக்கிறது. என் வீட்டில் எல்லா அறையிலும் கரண்ட் இருக்கிறது. வருஷம் ஒருமுறை ஈஸ்டருக்கு முன் துணியை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, மறுபடியும் கட்டிவைக்கிறேன். கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுவேன். யாரும் சொல்லவில்லை.