கூட்டத்தில் எட்டாவது குரல்

ஒரு விஷயத்துக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறவள் என்று எனக்குத் தெருவில் பெயர். பெயரில் தப்பில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவதற்கு நான் எதையும் வைக்கவில்லை. நடந்தது நடந்தபடிதான். சந்தேகமிருந்தால் என்னோடு நின்ற ஆறு பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு என் போனையே எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், மதியம் மூன்று மணி. ஆனால் டப்பிங் ஸ்டுடியோவுக்குள் பகல் ஏது? ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்கு அடுத்தவர் மூச்சு மாதிரி கேட்கும்.

என் தொழில் கூட்டக் குரல். சினிமாவில் சந்தை, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா என்று காட்டும்போது பின்னால் சலசலவென்று ஒரு பேச்சு கேட்கிறதல்லவா, அதில் நான் இருப்பேன். ஏழு பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று எழுபது பேராக முணுமுணுப்போம். என்ன பேசுகிறோம் என்று யாருக்கும் புரியக் கூடாது. அதனால் காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொல்வார்கள். கோபமான கூட்டம் என்றால் கோபமாக வெண்டைக்காய். சாவு வீடு என்றால் அழுகையோடு கத்தரிக்காய்.

இதில் இரண்டே சட்டம்தான். யார் பெயரையும் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. எத்தனை இரைச்சல் இருந்தாலும் பெயரும் கேள்வியும் தனியாகத் தலைதூக்கிவிடும், கேட்கிறவன் காது பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடும் என்பார் எங்கள் சவுண்டுக்காரர்.

எனக்கு வெண்டைக்காய் சலித்துப்போய் ரொம்ப நாளாகிறது. யாருக்குக் கேட்கப்போகிறது என்று தெருச் செய்திகளை முணுமுணுப்பேன். மூன்றாம் வீட்டுக்காரர் மீசைக்குச் சாயம் பூசுகிற விஷயம் இதுவரை நான்கு படங்களில் பதிவாகியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் படம் போர்ச் செய்தியாளர்களைப் பற்றியது. ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிற ஒரு சண்டை. அதற்குள் இரண்டு நண்பர்கள் போகிறார்கள். ஒருவர் எழுதுகிறவர், ஒருவர் புகைப்படம் எடுக்கிறவர். ஒருவர்தான் திரும்புகிறார். நிஜத்தில் நடந்த கதை. திரும்பி வந்த நிருபர்தான் படத்துக்கு ஆலோசகர். திரும்பாதவர் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் அக்காவின் புருஷன்.

எனக்கு இது போதாதா?

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேச மாட்டாள். நிருபர் ஊர் திரும்பிய அன்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். உடனே போய்விட்டாரா என்று. ஒரே நொடி, குண்டு விழுந்தது, வலியே தெரிந்திருக்காது என்று அவர் சொன்னாராம். அந்த ஊர்க்காரர்களால் உடம்பைக்கூட எடுக்க முடியவில்லை, கட்டடமே மேலே உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு நொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை வருஷம் தூங்கினாள். படமெடுக்கச் சம்மதம் கொடுத்ததும் அதை நம்பித்தான்.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த நிருபர் கதவைச் சாத்த மாட்டார்.

அக்காவைப் பார்க்க அடிக்கடி வருவார். திரும்பிப் போகும்போது மாடிக் கதவு திறந்திருக்கும், தெருக் கேட் திறந்திருக்கும். பூனை உள்ளே புகுந்து பாலைக் குடித்துவிட்டுப் போகும். காரிலிருந்து இறங்கினால்கூட டிரைவர் ஓடிவந்துதான் சாத்த வேண்டும். மறதி என்றாள் அக்கா. மறதிக்காரன் ஒரு தடவையாவது மறந்துபோய்ச் சாத்த மாட்டானா?

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று நிலவறைக் காட்சி. புகைப்படக்காரர் வெளியே நடைவழியில் நிற்கிறார். குண்டு விழுகிறது. ஒரு வெளிச்சம். அவர் விழுகிறார். எழுதுகிறவர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிறார். உள்ளே இருட்டில் முப்பது பேர் பயந்து முணுமுணுக்கிறார்கள். அந்த முப்பது பேர் நாங்கள்தான்.

நிருபரும் வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சவுண்டுக்காரருக்குப் பின்னால். அந்த அறைக் கதவுக்கு ஒரு ஷூவை அண்டைகொடுத்துத் திறந்தே வைத்திருந்தார். தன் ஷூதான். ஒரு காலில் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். நான் இதையெல்லாம் கவனிக்காமல் விடுவேனா?

சிவப்பு விளக்கு எரிந்தது. பயத்தோடு கத்தரிக்காய், பயத்தோடு புடலங்காய் என்று ஆரம்பித்தோம். பாதியில் சவுண்டுக்காரர் நிறுத்தினார்.

“யாரு அந்த எட்டாவது ஆளு?”

நாங்கள் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தோம். ஏழு பேர்தான். மைக்குக்குத் தள்ளி ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கிறது, ஏதோ சுவருக்குப் பின்னாலிருந்து பேசுகிற மாதிரி, என்றார் அவர். எல்லாரும் கரகரப்பைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் ஏழு பேரில் ஒருவர், குரலுக்காக வைத்த பெயர். ஆள் குறும்பு. ஒரு கல்யாணக் காட்சியில் நாய் மாதிரி குரைத்து வைத்தவர். அவர் தன் அம்மாமேல் சத்தியம் பண்ணினார். அவர் எதற்கும் சத்தியம் பண்ணுவார்.

மறுபடி சிவப்பு விளக்கு.

இந்தத் தடவை எனக்கே கேட்டது. டொக்... டொக் டொக். இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். கரகரப்பின் மோதிரம் ஸ்டாண்டில் படுகிறது என்று சவுண்டுக்காரர் அதைக் கழற்ற வைத்தார். கழற்றிய மோதிரத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் பொறுப்பான ஆளாம்.

எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. பேய் வந்த ஸ்டுடியோ என்று நாலு பேப்பரில் வந்தால் படம் ஓடும். நிருபருக்குப் பேப்பர்காரர்கள் எல்லாம் தோஸ்து. இது அந்த ஆளின் வேலையாக ஏன் இருக்கக் கூடாது? கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். வேலை பார்க்கிற முகமாக இல்லை. காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முறை.

நான் சட்டத்தை மீறினேன். வேண்டுமென்றேதான். மோதிரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரகரப்பின் வாயையே பார்த்தபடி, எனக்கே கேட்காத அளவுக்கு, அந்த இரைச்சலுக்குள் மெதுவாகக் கேட்டேன்.

“வெளியே யாரு?”

விளக்கு அணைந்தது. சவுண்டுக்காரர் பதிவை ஓடவிட்டார்.

கத்தரிக்காய். புடலங்காய். யாரோ ஒருவரின் இருமல். என் கேள்வி... அவர் சொன்னபடியே, தனியாகத் தலைதூக்கியது.

பிறகு ஒரு இடைவெளி. ஏழு பேரும் மூச்சு வாங்கின இடம்.

அதற்குள்...

“பேனா... நான்தான். கதவத் திற.”

கரகரப்பு மெதுவாக என்னைவிட்டு நகர்ந்து நின்றார்.

நிருபர் எழுந்தார். ஷூவைக்கூட எடுக்கவில்லை. ஒற்றைக் காலில் சாக்ஸோடு நடந்து வெளியே போனார். எல்லாக் கதவுகளும் அவருக்குப் பின்னால் திறந்தபடி கிடந்தன.

பேனா என்றால் யார்? யாருக்கும் தெரியவில்லை. வசனத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை.

வீட்டுக்குப் போனேன். எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மாடிக்கு ஏறி, பேச்சோடு பேச்சாக அந்தப் பெயரைச் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“பேனான்னு எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் அந்த நிருபரக் கூப்பிடுவார். வேற யாருக்கும் தெரியாது.”

அந்தக் குரல் வேறு என்ன சொன்னது என்று கேட்டாள். சொன்னேன். ‘நான்தான்’ என்பதை அவள் மெதுவாக, உதட்டுக்குள், ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வேற்று ஆள் கதவைத் தட்டினால் பெயரைச் சொல்வான். வீட்டு மனுஷர்தானே ‘நான்தான்’ என்பார்.

மறுநாள் அவளே நிருபருக்குப் போன் போட்டாள். ஒரே சொல்தான் சொன்னாள். வா.

மதியம் நானும் அவளும் பஸ்ஸில் போனோம். காலையில் கடையில் மாத்திரை அட்டை அவள் விரலைக் கிழித்திருந்தது, பஸ் குலுங்கியதில் மறுபடி ரத்தம் வந்தது. அவள் கைப்பையில் தேடினேன். குழந்தைகளுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிதான் கிடைத்தது, மஞ்சள் வாத்துப் படம் போட்டது. ஓடுகிற பஸ்ஸில் ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. இந்தக் கோலத்தில் மருந்து கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்று நான் சொன்னதற்கு அவள் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

சவுண்டுக்காரர் அறையில் நாலே பேர். அவர், அக்கா, நிருபர், நான். ஷூவை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள் அக்கா. கனமான, பஞ்சு அடைத்த கதவு. தாழ்ப்பாள் கிடையாது, வெறும் கைப்பிடிதான். நிருபர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

பதிவு ஓடியது. கத்தரிக்காய். இருமல். வெளியே யாரு? இடைவெளி...

“பேனா... நான்தான். கதவத் திற.”

அக்கா அழவில்லை. நிருபரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு நொடின்னு சொன்னியே.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உள்ள முப்பது பேர் இருந்தாங்கக்கா. திறந்தா எல்லாரும் போயிருவோம்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் பின்வழியா வெளிய வந்துட்டோம்.”

“அவர் தட்டினாரா?”

நிருபர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார்.

“எவ்வளவு நேரம் தட்டினார்?”

அப்போதுதான் அது கேட்டது.

டொக்... டொக் டொக்.

பதிவு ஓடவில்லை. சவுண்டுக்காரரின் இரண்டு கையும் அவர் மடியில் இருந்தன. நான் பார்த்தேன்.

சத்தம் கதவிலிருந்து வந்தது. பஞ்சுக் கதவிலிருந்து... இரும்புச் சத்தம்.

நிருபர் காதைப் பொத்திக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். அவசரமே இல்லை. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரி.

“இதோ வர்றேன்,” என்றாள்.

கைப்பிடியைத் திருகி, விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு சாண் திறந்தது.

க்ளிக்.

தாழ்ப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வெளியே யாரும் இல்லை. நடைவழி காலி. தரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் நைசாகத் தூசி, சிமெண்டுத் தூசி மாதிரி. அரை மணி நேரம் முன்புதான் துடைத்தேன் என்று துப்புரவு அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தாள். அக்கா வாசலிலேயே நின்றாள். நேராகப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நான் எதுவும் கேட்கவில்லை. நான்... எதுவும் கேட்கவில்லை. இதை நம்புகிறவர்கள் பேயையும் நம்பலாம்.

அதற்குப் பிறகு பதிவில் அந்தக் குரல் இல்லை. மூன்றையும் போட்டுப் பார்த்தாராம் சவுண்டுக்காரர். என் கேள்வி இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, பதில் இல்லை. காட்சியைப் புதிதாகப் பதிவு பண்ணினோம். வெறும் வெண்டைக்காய்தான் சொன்னேன். இன்று வரைக்கும் அதுதான்.

நிருபர் படத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வருவதில்லை. அவர் மேல் அக்காவுக்குக் கோபம் இருக்கிறதா என்று தெருவில் எல்லாரும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். தெரியவில்லை என்கிறேன். என் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு ஆச்சரியப்பட்டுப் போகிறார்கள்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு தகவல் வந்தது. சண்டை ஓய்ந்து, அந்தக் கட்டடத்தை இப்போதுதான் தோண்டினார்களாம். இரும்புக் கதவுக்கு வெளியே, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் அக்காவின் புருஷன் இருந்திருக்கிறார். மடியில் கேமரா. அதன் அடிப்பாகம் நசுங்கியிருந்ததாம், எதையோ ரொம்ப நேரம் தட்டின மாதிரி. உள்ளே இருந்த புகைப்படங்களை எடுத்து அனுப்பியிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

எல்லாம் ஒரே புகைப்படம். சாத்திய கதவு. சாத்திய கதவு. சாத்திய கதவு. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி இருந்தது. முதலாவது குண்டு விழுந்த நாள். கடைசி அதற்கு மூன்றாம் நாள்.

அந்த மூன்றாம் நாள் அக்கா எங்கே இருந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் என் வீட்டுக் கூடத்தில், டிவி முன்னால், செய்திக்காக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். கையில் காயமும் இல்லை, கட்டும் இல்லை.

கடைசிப் புகைப்படத்தைக் காட்டும்போது அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

அதில் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

விளிம்பைப் பிடித்தபடி நான்கு விரல்கள். பெண் கை.

ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி.

மஞ்சள் வாத்து.

கோணலாக.